ஏறவும் இறங்கவும் ஒரு பூட்டு

நார்வேயின் டெலிமார்க் பகுதியில் தோன்றிய பனிச்சறுக்கு முறையில் காலணியின் முன்நுனி மட்டுமே சறுக்குப் பலகையோடு பூட்டப்படும். குதிகால் தாராளமாக எழும்பும். அப்பகுதியைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹைம் 1868இல் இன்றைய ஆஸ்லோவில் நடந்த போட்டியில் வென்று இதற்குப் புகழ் தேடித் தந்தார்.

இறங்கும்போது பின்காலை மடக்கித் திரும்ப வேண்டும். குதிகாலைச் சுற்றிய கம்பியிலுள்ள சுருள்வில் அப்போது விரலடியைப் பலகைமேல் அழுத்துகிறது. வில் விறைப்பாயிருந்தால் பலகை சொன்னபடி கேட்கும். ஏறும்போதோ அதே வில் பகை! ஆயிரம் அடி வைத்தால் ஆயிரம் முறை அதை இழுத்து நீட்ட வேண்டுமே. ஆகவே மலைப்பயணத்துக்கு, வில்லின் பிடியை விலக்கினால் கீல்போல் தடையின்றி மடங்கும் பூட்டே ஏற்றது. எடை சற்றுக் கூடினாலும் சரி.

பழைய வகைப் பூட்டுகள் பல, விழுந்தால் தாமே கழல்வதில்லை. சரிந்துவரும் பனியில் சிக்கியவரை, காலில் மாட்டிய பலகை நங்கூரம்போல் உள்ளே இழுத்துவிடும்.