ஸ்கிரிப்ட் எழுத்தும் நம் கடைப் பெயரும்

லெட்டர்பேட் அடிக்கவும், மசாலாப் பொட்டலத்துக்கு லேபிள் போடவும் அச்சகத்துக்குப் போனால், கம்ப்யூட்டரில் பல ஆங்கில எழுத்து மாதிரிகளைக் காட்டுகிறார்கள். சாய்ந்தும் வளைந்தும் ஒன்றோடொன்று கைகோத்தும் நிற்கும் 'ஸ்கிரிப்ட்' எழுத்துதான் பலர் கண்ணில் முதலில் படுகிறது. ஆயிரக்கணக்கில் அச்சடித்த பிறகு, "பெயர் என்னவென்றே தெரியவில்லை" என்று வாடிக்கையாளர் சொன்னால் போட்ட பணம் வீண். ஆகவே இந்த எழுத்தைப் பற்றி வணிகர்களாகிய நாம் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

வணிகத்தில் வளர்ந்த எழுத்து

இது வெறும் திருமண அழைப்பிதழ் எழுத்து அல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் லண்டன் வணிகர்கள் கணக்கும் கடிதமும் எழுதப் பயன்படுத்திய 'ரவுண்ட் ஹேண்ட்' என்ற கையெழுத்து முறையே இதன் மூலம். கூரிய இறகுப் பேனாவை அழுத்தினால் தடித்த கோடு. அழுத்தாமல் இழுத்தால் மயிரிழைக் கோடு. பேனாவை அடிக்கடி தூக்காமல் எழுதுவதால் வேகமும் கிடைத்தது. சார்லஸ் ஸ்நெல் போன்ற ஆசிரியர்கள் இதற்கு விதிமுறைகள் வகுத்தார்கள். மாதிரிகளைச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதால் 'காப்பர்பிளேட்' என்ற பெயரும் வந்தது.

அமெரிக்காவில் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் வகுத்த கையெழுத்து, தட்டச்சுப்பொறி பரவும் வரை வணிகக் கடிதங்களில் செல்வாக்குடன் இருந்தது. 1886இல் அட்லாண்டாவில் ஒரு புதிய பானத்துக்கு 'கோகோ கோலா' என்று பெயர் வைத்து, அதை ஸ்பென்சர் பாணியில் எழுதிக் கொடுத்தவர் அந்த நிறுவனத்தின் கணக்கர் பிராங்க் ராபின்சன். அந்தப் பெயரெழுத்து 1893இல் வணிகச் சின்னமாகப் பதிவானது. இன்றும் அதே சாயலில் உலகெங்கும் நிற்கிறது.

கையெழுத்து அச்செழுத்தான விதம்

ஈய எழுத்துக் காலத்தில் இதை அச்சிடுவது கடினம். ஒவ்வோர் எழுத்தும் தனிக் கட்டையில் இருந்ததால், சாய்ந்த கோடுகள் பக்கத்து எழுத்தோடு பிசிறின்றிச் சேரவில்லை. ஒளிப்பட அச்சுக்கோப்பு வந்தபின் இந்தத் தடை நீங்கியது. 1960களின் நடுவில் மாத்யூ கார்ட்டர், ஸ்நெல்லின் எழுத்தை அடிப்படையாக வைத்து 'ஸ்நெல் ரவுண்ட்ஹேண்ட்' என்ற எழுத்துருவை வடிவமைத்தார். ஒவ்வோர் எழுத்தின் வால் முடியும் இடத்தில் அடுத்த எழுத்தின் தொடக்கம் சரியாக வந்து பொருந்தும்.

ஜெர்மானியரான ஹெர்மன் சாப்ஃப் உருவாக்கிய 'சாப்ஃபினோ' 1998இல் வெளிவந்தது. 1944இல் அவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்த எழுத்தே அதற்கு மூலம். கையால் எழுதும்போது ஒரே எழுத்து இரண்டு முறை ஒன்றுபோல் விழாது அல்லவா? அதனால் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை அவர் அமைத்தார்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

1. பெயரின் எல்லா எழுத்துகளையும் பெரிய எழுத்தில் போடக் கூடாது. ஸ்கிரிப்டின் பெரிய எழுத்துகள் சொல்லின் முதலில் மட்டும் நிற்கப் பிறந்தவை. வரிசையாக நின்றால் கொடிச் சிக்கல்தான்.

2. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டச் சொல்லாதீர்கள். இணைப்புக் கோடு அறுந்து, துண்டு துண்டாகத் தெரியும்.

3. இதன் உயரமான கோடுகளும் வால்களும் நீளம். நடு உடல் சிறியது. ஆகவே சாதாரண எழுத்தைவிடப் பெரிய அளவில் போட்டால்தான் அதே அளவு தெளிவு கிடைக்கும்.

4. பாலித்தீன் பையிலும் மட்டமான தாளிலும் மயிரிழைக் கோடுகள் விடுபட்டுப் போகும். கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால் மை பரவி அவை அடைபடும்.

5. பெயருக்கு மட்டும் ஸ்கிரிப்ட் போதும். முகவரி, தொலைபேசி எண், விலை, எடை ஆகியவை நேரான எழுத்தில் இருக்கட்டும். நம் நாட்டின் 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, நிகர எடையும் சில்லறை விலையும் தெளிவாக, பின்னணியிலிருந்து பளிச்சென்று வேறுபட்ட நிறத்தில் தெரிய வேண்டும். அலங்காரம் இதற்குச் சாக்காகாது.

6. தமிழ்நாட்டுக் கடைப் பலகையில் தமிழ்ப் பெயரே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. ஆங்கில ஸ்கிரிப்டுக்குப் பொருந்தட்டும் என்று அவற்றைக் கம்ப்யூட்டரில் சாய்த்து இழுத்தால் அழகு கெடும். நல்ல ஓவியரிடம் எழுதி வாங்குவதே மேல்.

ஒரு சிறு சோதனை

அச்சுக்குக் கொடுக்குமுன் மாதிரித் தாளை இருபதடி தூரத்தில் ஒட்டி, நம் கடைப் பெயரை முன்பே அறியாத ஒருவரைப் படிக்கச் சொல்ல வேண்டும். நமக்குப் பெயர் தெரியும் என்பதால் நம் கண் நம்மை ஏமாற்றிவிடும். அவர் தயங்கினால் எழுத்தை மாற்றிவிடுவதே இலாபம்.

இன்னொன்றும் உண்டு. விற்பனைக்குள்ள எழுத்துருவை யாரும் உரிமம் வாங்கிப் பயன்படுத்தலாம். அதே எழுத்தில் அடுத்த தெருக் கடையும் பெயர் போட்டுக்கொள்ள முடியும். அச்சகத்தார் உரிமம் பெற்ற எழுத்துருவைத்தான் பயன்படுத்துகிறாரா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். சரக்கைச் சொந்தப் பெயரில் விற்க நினைப்பவர்கள், நமக்கென்றே எழுதிய பெயரெழுத்தை வாங்கி, வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. ராபின்சன் எழுதிய பெயர் நிலைத்ததற்குக் காரணம் வளைவுகள் மட்டும் அல்ல; அந்த நிறுவனம் அதைப் பதிவு செய்து காப்பாற்றி வந்ததும்தான்.