பிரிட்டிஷ் வீட்டில் தங்கப்போகும் அமெரிக்கருக்கு

ஜப்பானுக்குப் போவதென்றால் ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கிற அமெரிக்கர், லண்டனுக்கு மட்டும் எதையும் படிக்காமல் வந்து இறங்குகிறார். அதே மொழி, பழகிய சாப்பாடு, சினிமாவில் பார்த்த தெருக்கள். படித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்ற தைரியம். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் திடீரென்று ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பிக்கிறார். பிரிட்டனில் மரியாதை கூடுகிறது என்றால் எங்கோ மனத்தாங்கல் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கே என்பதுதான் விருந்தாளிக்குக் கடைசி வரை தெரிவதில்லை.

இது ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கான வழிகாட்டி இல்லை. நண்பர் வீட்டில், சம்பந்தி வீட்டில், கூட வேலை பார்த்தவர் வீட்டில் நாலைந்து நாள் தங்கப்போகிறவர்களுக்கு எழுதுகிறேன். நியூஜெர்சியிலும் டல்லாஸிலும் வளர்ந்த நம் பிள்ளைகளும் இந்த விஷயத்தில் முழு அமெரிக்கர்கள்தான்.

சிக்கல் பழையது. 1942-இல் அமெரிக்கப் போர்த்துறை, பிரிட்டனுக்கு அனுப்பிய வீரர்களுக்கென்று ஒரு சிறு கையேடே அச்சிட்டது. பெருமையடிக்காதே, பணத்தைக் காட்டாதே, அவர்கள் பேசாமல் இருப்பதை விரோதம் என்று நினைக்காதே, வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் அளவாகச் சாப்பிடு, உனக்கு வைத்தது அந்தக் குடும்பத்தின் ஒரு வார ரேஷனாக இருக்கலாம் என்றெல்லாம் அதில் அறிவுரை உண்டு. ரேஷன் 1954-இல் ஒழிந்தது. மற்ற மூன்றும் இன்றைக்கும் அப்படியே செல்லும்.

கிளம்பும் முன்பு, வரும் நாளையும் போகும் நாளையும் எழுதி அனுப்பிவிடுங்கள். போகும் நாளைப் பிறகு தள்ளிப்போடாதீர்கள். கையில் ஏதாவது சின்னதாகக் கொண்டுபோங்கள். உங்கள் மாநிலத்து மேப்பிள் சிரப்போ பீக்கன் பருப்போ போதும். விலை உயர்ந்த பரிசு வேண்டாம், அதற்கு ஈடாக என்ன கொடுப்பது என்று அவர்கள் கவலைப்பட ஆரம்பிப்பார்கள்.

வாசலில் கட்டியணைக்கப் பாயாதீர்கள். வீட்டுக்காரர் கையை நீட்டினால் கை, நெருங்கி வந்தால் அணைப்பு. 2009-இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் மிஷெல் ஒபாமா எலிசபெத் ராணியின் முதுகில் கை வைத்ததைப் பத்திரிகைகள் பெரிதாகப் பேசின. அதே நேரத்தில் ராணியின் கையும் மிஷெலின் இடுப்பில் இருந்தது, அதனால் அரண்மனை அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் அசைவு எப்போதும் வீட்டுக்காரருடையது என்று வைத்துக்கொண்டால் தவறு வராது. எப்படி இருக்கிறீர்கள் என்ற தொனியில் ஒன்று கேட்பார்கள். அதற்கு விமானத்தில் தூக்கம் வராத கதையைச் சொல்ல வேண்டாம். நலம், நீங்கள் எப்படி என்று திருப்பிக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

வீட்டுக்குள் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். குளியலறையில் விளக்குக்கு ஸ்விட்ச் தேடாதீர்கள், மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். அங்கே ஷேவருக்கு உண்டான பாயின்ட்டைத் தவிர வேறு பிளக் பாயின்ட் இருக்காது. உங்கள் ஊர் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230; ஊரிலிருந்து கொண்டுவந்த ஹேர் டிரையரைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். வாஷிங் மெஷின் சமையலறையில் இருப்பதைப் பார்த்து வியந்து பேச வேண்டாம். ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டைத் தொடவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. குளிர்ந்தால் ஸ்வெட்டர் போடுங்கள். அதற்கும் மேல் குளிர்ந்தால் கேட்டு வாங்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள்.

காது கொடுத்துக் கேட்பது

அமெரிக்கர் வேண்டியதை வேண்டும் என்பார், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்பார். எதிரில் இருப்பவரும் அப்படியே பேசுகிறார் என்று நம்புவார். பிரிட்டிஷ்காரர் பெரிய விஷயத்தைச் சின்னதாக்கித்தான் சொல்வார். சொல்கிறவருக்கு அதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. கேட்கிறவர் அதைத் தானே பெரிதாக்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையில் சொல்கிறார்.

1951 ஏப்ரலில் கொரியாவில், இம்ஜின் ஆற்றங்கரையில் நடந்ததை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் படையின் குளோஸ்டர்ஷைர் பட்டாலியனை, பல மடங்கு ஆள்பலம் கொண்ட சீனப் படை சூழ்ந்துவிட்டது. பிரிகேடியர் டாம் பிரோடி, தன் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரல் ராபர்ட் சூலிடம், நிலைமை கொஞ்சம் இக்கட்டாக இருக்கிறது என்ற அளவில் தெரிவித்தார். இன்னொரு பிரிட்டிஷ்காரர் கேட்டிருந்தால் பதறிப்போயிருப்பார். அமெரிக்க ஜெனரலோ, கஷ்டம்தான், ஆனாலும் சமாளித்துவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பட்டாலியனில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ‘கொஞ்சம்’ என்பதை ஒருவர் ஒரு விதமாகச் சொல்லி மற்றவர் வேறு விதமாகக் கேட்டது உயிர்போகும் இடத்தில்கூட நடந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரின் காலை உணவு மேஜையில் நடக்காதா?

ஆகவே ‘கொஞ்சம்’ என்ற சொல் காதில் விழுந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். நேற்று இரவு கொஞ்சம் சத்தமாக இருந்ததே, நன்றாகத் தூங்கினீர்களா என்று வீட்டுக்காரம்மா கேட்டால் அவர் உங்கள் தூக்கத்தை விசாரிக்கவில்லை. நீங்கள் பதினொரு மணிக்கு மேல் கலிஃபோர்னியாவுக்குப் போனில் பேசியது அவருக்குக் கேட்டிருக்கிறது. குரலைத் தணியுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். நீட்டி விளக்கினால் அவருக்குத்தான் சங்கடம்.

கேள்விகளையும் இப்படித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் எத்தனை மணிக்குக் குளிப்பீர்கள் என்றால், ஏழரைக்கு எனக்குக் குளியலறை வேண்டும் என்று பொருள். நாளைக்கு என்ன திட்டம் என்றால், இரவுச் சாப்பாட்டுக்கு உங்களையும் சேர்த்துச் சமைக்க வேண்டுமா, இல்லை ஒரு நாளாவது எங்களுக்கு வீடு தனியாகக் கிடைக்குமா என்று பொருள். இன்னும் முடிவு செய்யவில்லை என்ற பதில் மாதிரி அவர்களைத் தவிக்கவைப்பது வேறில்லை. முதல் நாள் இரவே மறுநாள் கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

உபசரிப்பில் நம் ஆட்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நம் வீடுகளில் காபி சாப்பிடுகிறீர்களா என்றால் முதல் தடவை வேண்டாம் என்போம், கேட்டவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுப்பைப் பற்றவைப்பார். பிரிட்டிஷ் வீட்டில் பாத்திரம் கழுவும் விஷயம் இதே கணக்கு. இருக்கட்டும், விட்டுவிடுங்கள் என்பார்கள். அமெரிக்கர் சரி என்று சோபாவுக்குப் போய்விடுவார், அங்கேதான் கெட்டது. வாதாடாமல் துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பியுங்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று சொன்னால் அது உண்மையான வேண்டாம், அப்போது நகர்ந்துவிடலாம். டீ மட்டும் இதற்கு விலக்கு. டீயை முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வந்த களைப்பு, வருத்தமான செய்தி, பேச்சில் விழுந்த இடைவெளி எல்லாவற்றுக்கும் கெட்டிலைப் போடுவதுதான் அவர்களுடைய பதில். அதை மறுத்தால் அடுத்து என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர், ஒருநாள் கட்டாயம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்பார். அங்கேயே போனை எடுத்து வியாழனா வெள்ளியா என்று பார்க்காதீர்கள். நாளும் நேரமும் சொல்லாதவரை அது அன்பான வார்த்தை, அவ்வளவுதான். நன்றி, கட்டாயம் வருகிறேன் என்று நீங்களும் நாள் குறிக்காமல் சொல்ல வேண்டும். நாள் குறித்து அழைத்திருந்தால் நேரத்துக்கு முன்னால் போகாதீர்கள். பத்து நிமிடம் தாமதமாக, ஒரு ஒயின் பாட்டிலோ பூங்கொத்தோ எடுத்துக்கொண்டு போவதுதான் முறை.

இனி நீங்கள் கேட்கும் முறை. பட்டுத் தெரிந்துகொண்ட குறுக்குவழி ஒன்று சொல்கிறேன். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. கார் கிடைக்குமா என்று கேட்டால், ஆகட்டும் என்று சொல்லிவிட்டு அன்று பூராவும் தவிப்பார்கள். நாங்கள் ரயிலில் போகலாம் என்றிருக்கிறோம், ஸ்டேஷனுக்கு எந்த பஸ் நல்லது என்று கேளுங்கள். காரில் கொண்டுபோய்விட அவருக்கு விருப்பம் இருந்தால் அவரே சொல்வார், இல்லையென்றால் பஸ் நம்பரைச் சொல்வார். இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை. போர்வையும் இப்படித்தான். இங்கே இரவில் இன்னொரு போர்வை தேவைப்படுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் போதும். போர்வையும் வரும், மறுநாள் ஹீட்டரையும் அவர்களே ஒரு புள்ளி கூட்டிவைப்பார்கள்.

பேச்சு

வானிலையைப் பற்றி யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். கேட் ஃபாக்ஸ் என்ற மானுடவியலாளர் 2004-இல் ஆங்கிலேயரைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை ஒரு விதியாகவே சொல்கிறார். குளிராக இருக்கிறதே என்றால் ஆமாம் என்பதுதான் பதில். மினசோட்டாவில் இதெல்லாம் ஒரு குளிரே இல்லை என்று ஆரம்பிக்காதீர்கள். சம்பளம், வீட்டு வாடகை, எந்தக் கட்சி என்பதெல்லாம் முதல் நாள் கேள்விகள் ஆகாது. உங்களைக் கிண்டல் செய்தால் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், உங்களை வீட்டு மனிதராகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். எடின்பரோவிலும் கார்டிஃபிலும் யாரையும் ஆங்கிலேயர் என்று சொல்லாதீர்கள். அவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள், வேல்ஸ்காரர்கள். இதில் தவறினால் எளிதில் மன்னிப்புக் கிடைக்காது.

மேஜையில், முள்கரண்டி இடது கையிலும் கத்தி வலது கையிலும் கடைசி வரை இருக்கட்டும். சாப்பிட்டு முடித்ததும் இரண்டையும் சேர்த்துத் தட்டில் வையுங்கள்.

பப்

வீட்டுக்காரர் உங்களைத் தன் பப்புக்குக் கூட்டிப்போகிறார் என்றால் அது பெரிய உபசாரம். பெரும்பாலான பப்களில் மேஜைக்கு யாரும் வர மாட்டார்கள், கவுன்ட்டருக்கு நீங்கள்தான் போக வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. யார் யாருக்கு முன்னால் வந்தார் என்று நிற்கிற எல்லாருக்கும் தெரியும். ஊற்றுகிறவர் தவறி உங்களைக் கேட்டால் முந்தி வந்தவரைக் காட்டுங்கள். பணத்தை ஆட்டுவதோ விரலைச் சொடுக்குவதோ கூடாது. இரண்டு கிளாஸ் என்று காட்ட உள்ளங்கை உங்கள் பக்கம் பார்க்க இரண்டு விரலை உயர்த்தவே கூடாது. பிரிட்டனில் அது ஆபாசமான வசவு.

அடுத்து ரவுண்டு. நாலு பேர் போனால் ஒருவர் நாலு பேருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவருடையது. தனக்கானதை மட்டும் வாங்கிக்கொள்வதும், கடைசியில் போனை எடுத்துக் கணக்குப் பிரிப்பதும் அமெரிக்காவில் நேர்மை. இங்கே அது கையைத் தட்டிவிடுவதுபோல் ஆகும். இந்த வழக்கம் எவ்வளவு ஆழமானது என்றால், முதல் உலகப்போரின்போது குடியைக் குறைக்க நினைத்த அரசாங்கம் 1915-இல், ஒருவர் இன்னொருவருக்கு வாங்கிக் கொடுப்பதையே தடைசெய்து உத்தரவு போட வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் வழக்கம் திரும்பி வந்துவிட்டது. முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிடுங்கள், இதுதான் என் விதி. வாங்கிவிட்டால் ஒரு கிளாஸோடு எழுந்தாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கடைசி ரவுண்டுக்காகக் காத்திருந்து, அதற்குள் மூடும் மணி அடித்துவிட்டால் கஞ்சன் என்ற பெயர் ஊருக்குப் போகும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். மது தொடாதவரும் எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டு தன் சுற்றை வாங்கலாம், அதற்கு மதிப்பு உண்டு. வேகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பைன்ட் 473 மில்லி, அவர்களுடையது 568. ஈடுகொடுக்க முடியாவிட்டால் அரை பைன்ட் கேட்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கவுன்ட்டரில் டிப்ஸ் வைக்க வேண்டாம். நன்றாகக் கவனித்தார் என்று தோன்றினால், உங்களுக்கும் ஒன்று என் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது வழக்கம். உணவகத்தில் பில்லைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள். 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்த்திருந்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சேர்க்கவில்லை என்றால் 10 சதவீதம் தாராளம். 20 சதவீதம் வைத்தால்தான் மனிதாபிமானம் என்று அமெரிக்கருக்குத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 1991-இலிருந்து மணிக்கு 2.13 டாலர்தான். பிரிட்டனில் அப்படித் தனிக் கூலி கிடையாது, எல்லாருக்கும் உள்ள குறைந்தபட்சக் கூலி அவருக்கும் உண்டு. வாடிக்கையாளர் வைக்கும் டிப்ஸ் முழுவதும் ஊழியருக்கே போக வேண்டும் என்ற சட்டமும் 2024 அக்டோபரிலிருந்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக்காரர் பார்க்க நோட்டை அள்ளி வைத்தால், அடுத்த முறை அவரும் அவ்வளவு வைக்க வேண்டியதாகிவிடும்.

கிளம்பும் நாள் படுக்கை விரிப்பை உருவி மடித்து வைத்துவிட்டு, எங்கே போடட்டும் என்று கேளுங்கள். நன்றியை மின்னஞ்சலில் முடிக்காதீர்கள். ஒரு கார்டும் முதல் வகுப்பு ஸ்டாம்ப்பும் முன்பே வாங்கி வைத்துக்கொண்டு, விமான நிலையம் போகும் வழியில் சிவப்புத் தபால் பெட்டியில் போட்டுவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து அனுப்பினால் பல நாள் ஆகும். நாலு வரி போதும். பொதுவாகப் புகழாமல் ஏதாவது ஒன்றைப் பேர் சொல்லி எழுதுங்கள்: ஞாயிற்றுக்கிழமை வறுத்த உருளைக்கிழங்கு, அல்லது மழையில் நாயோடு நடந்த அந்த நடை.