அசைபோடும் மனம்



மாடு அசைபோட்டால் உணவு செரிக்கும். மனம் அசைபோட்டால் கவலை வளரும். ஒரே துயரை மீளமீள எண்ணுதலை மேலைநாட்டு உளவியலாரும் ‘அசைபோடுதல்’ என்றே பொருள்படும் சொல்லால் குறிப்பர். 1989இல் கலிபோர்னியாவில் நிலநடுக்கம் நேர்ந்தது. அதற்கு முன்னரே ஸ்டான்போர்ட் மாணவரின் மனப்போக்கை அளந்து வைத்திருந்தார் சூசன் நோலன்-ஹோக்செமா. அசைபோடும் இயல்பினரே பின்னர் மிகுதியும் சோர்வுற்றதை அவர் கண்டார்.

அவ்வெண்ணம் உணவையும் உடலையும் சுற்றும்போது உண்ணல் நோய்கள் வலுப்பெறும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அந்நோயுற்ற பிள்ளைகளுள் பெரும்பாலோரிடம் காணப்பட்டது மெலியும் வேட்கையன்று. மனக்காரணத்தால் எழும் வாந்தியே.

தீர்வு உண்டோ? உண்டு. இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சார்ந்து நிகழ்ந்து, 1987இல் வெளியான ஆய்வில், உண்ண மறுக்கும் நோய் 19 வயதுக்குள் தொடங்கி மூன்றாண்டைக் கடவாதோர்க்கு, குடும்பத்தையும் சேர்த்து அளித்த சிகிச்சையே தனித்து அளித்ததினும் மிக்க பயன் தந்தது.

ஜுபைலில் பாட்டியும் அயலாரும் அருகில் இல்லை. பிள்ளைக்குப் பெற்றோரே ஊர். ஆதலின், “பிடிவாதம்” என அதட்டாது உடனமர்ந்து உண்ணுங்கள். எடை குறையினும் வாந்தி நீடிப்பினும் தாமதியாது மருத்துவரை நாடுங்கள். மாணவரே, மனத்தில் சுழல்வதை மறையாது உரையுங்கள். சொல்லிய துயர் பாதி குறையும்.

பயிற்சி

1. ‘அசைபோடுதல்’ என்னும் சொல்லை இரு பொருளிலும் வாக்கியத்தில் அமைக்க.
2. குடும்பம் சேர்ந்து உண்பதன் பயனைப் பெற்றோருடன் உரையாடி ஐந்து வரிகளில் எழுதுக.