பே ஸ்லிப்பில் ஒளிந்திருக்கும் அறுபது வயசு: பென்ஷன் கணக்கு, ஓர் எளிய பாடம்



"கவர்மென்ட் வேலைன்னா பென்ஷன் உண்டு, பிரைவேட்னா கிடையாது." நம்ம சேலம், நாமக்கல் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் இதுதான் பதில். இதில் இரண்டு பாதியுமே முழு உண்மை இல்லை. பழைய பென்ஷன் கிடைக்காத அரசு ஊழியர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தனியார் மில்லில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறவர்களும் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள். எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

பிளேஸ்மென்ட் சீசனில் நாம் சிடிசி எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறோம். அந்த ஆஃபர் லெட்டரிலேயே உங்க வயசான காலமும் எழுதியிருக்கு. அதை எப்படி வாசிப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

1. அவுட்புட் உறுதியா, இன்புட் உறுதியா?

உலகத்தில் உள்ள பென்ஷன் திட்டங்களைப் பெரும்பாலும் இரண்டு வகையில் அடக்கிவிடலாம்.

முதல் வகையில் அவுட்புட் உறுதி. ரிட்டையர் ஆகும்போது கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால், முழு சர்வீஸ் முடித்தவருக்கு அதில் பாதி, 30,000 ரூபாய் பென்ஷன். அதற்கு மேல் அகவிலைப்படி. இதுதான் "பழைய பென்ஷன்". ஊழியர் சம்பளத்தில் இதற்காக எதுவும் பிடிக்க மாட்டார்கள்.

இரண்டாம் வகையில் இன்புட் மட்டும் உறுதி. மாதாமாதம் இவ்வளவு சதவீதம் பிடிப்பார்கள், வேலை கொடுப்பவரும் ஒரு பங்கு போடுவார். கடைசியில் எவ்வளவு சேர்கிறதோ அதுதான் உங்களுக்கு. வட்டி குறைந்தாலும், சந்தை விழுந்தாலும், நீங்க 95 வயது வரை வாழ்ந்தாலும் பாரம் உங்க தலையில்.

ஆக, எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு கிடைக்கும்" என்பது இல்லை. "கணக்கு தப்பினால் நஷ்டம் யாருக்கு" என்பதுதான்.

2. ஒரே அலுவலகம், ஒரு தேதிக் கோடு

1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பென்ஷன் என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் தானம் இல்லை, உழைத்த காலத்துக்கான உரிமை என்பது அதன் சாரம். இன்றும் டிசம்பர் 17 ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

20 வருடம் கழித்துக் காற்று மாறியது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம். அதே வருடம் ஜூலையில் நடந்த அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிஸ்மிஸ் செய்யப்பட்டது தமிழ்நாடு மறக்காத கதை. மத்திய அரசில் கோடு 2004 ஜனவரி 1. ராணுவத்தினர் தவிர, அதன்பின் சேர்ந்தவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம்.

இதை நம்ம ஊரில் வைத்துப் பாருங்க. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இரண்டு பேர். ஒருவர் 2003 மார்ச்சில் சேர்ந்தவர், இன்னொருவர் மே மாதம் சேர்ந்தவர். ஒரே வேலை, ஒரே ஷிப்ட். வயசான காலம் மட்டும் வேறு வேறு.

அரசு ஏன் இப்படிச் செய்தது? அதற்கும் நியாயம் இருக்கு. பழைய பென்ஷனுக்குத் தனி நிதி கிடையாது. அந்தந்த வருட வரிப்பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். மனிதர்களின் ஆயுள் கூடக் கூட அந்தச் செலவும் ஏறும்.

இப்போது சக்கரம் பாதி திரும்பியிருக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சேலம் ரயில்வே கோட்டத்தில் வேலை பார்ப்பவர் இதைத் தேர்ந்தெடுத்து 25 வருடம் முடித்தால், கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 50 சதவீதம் உறுதி. ஊழியரும் 10 சதவீதம் கட்ட வேண்டும். இன்புட், அவுட்புட் இரண்டையும் கலந்த ஏற்பாடு இது.

3. எழுபதால் வகுக்கிற கணக்கு

"பொதுத்துறை" என்றாலே அரசு பென்ஷன் என்று நினைக்க வேண்டாம். கஞ்சமலைப் பக்கம் இருக்கும் சேலம் உருக்காலை மத்தியப் பொதுத்துறை நிறுவனமான செயிலின் கீழ் வருவது. ஆனால் இதுபோன்ற நிறுவனத் தொழிலாளர்களும் அரசு ஊழியர் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு அடித்தளம் பி.எஃப்.-உம், 1995 நவம்பர் 16-ல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமும்தான். நூற்பாலைக்காரருக்கும், நாளைக்கு ஐடி கம்பெனிக்குப் போகும் உங்களுக்கும் சட்டம் அதேதான்.

உங்க சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.-க்குப் போகும். கம்பெனியும் 12 சதவீதம் போடும். கம்பெனி போடுவதில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்கு. இதற்கு 2014 செப்டம்பர் முதல் சம்பள வரம்பு 15,000 ரூபாய். அதனால் மாதம் சுமார் 1,250 ரூபாய்க்கு மேல் அந்த நிதிக்குப் போகாது.

பென்ஷன் சூத்திரம் இது:

பென்ஷன் = சம்பளம் × சர்வீஸ் வருடங்கள் ÷ 70

23 வயதில் சேர்ந்து 58 வரை வேலை பார்த்தால் 35 வருடம். 20 வருடம் தாண்டியவர்களுக்கு 2 வருடம் போனஸ். ஆக 37.

15,000 × 37 ÷ 70 = சுமார் 7,928 ரூபாய்.

பரவாயில்லையே என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்க. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 35 வருடத்தில் விலைகள் சுமார் 7.7 மடங்கு. சம்பள வரம்பு இப்படியே நின்றால், அன்றைய 7,928 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 1,030 ரூபாய்! இப்போது இந்தத் திட்டத்தின் குறைந்தபட்சப் பென்ஷனே மாதம் 1,000 ரூபாய்தான். 2014-லிருந்து அதே தொகை.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தை ஞாபகப்படுத்திக்கோங்க. அரசு பென்ஷன் ஒரு குளோஸ்டு லூப். விலைவாசிக் குறியீடு ஃபீட்பேக்காக வருகிறது, அகவிலைப்படி அதற்கேற்ப ஏறுகிறது. தொழிலாளர் ஓய்வூதியமோ ஓப்பன் லூப். வெளியே என்ன நடந்தாலும் அவுட்புட் அசையாது.

4. இருபது பேர் என்ற கோடு

பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். இப்போது நம்ம ஊரை எண்ணிப் பாருங்க. இரண்டு லாரி வைத்திருக்கும் நாமக்கல் முதலாளியிடம் ஓட்டும் டிரைவர், எட்டுத் தறி இருக்கும் குமாரபாளையம் பட்டறை, சேலத்தில் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு செய்கிறவர்கள், திருச்செங்கோடு போர்வெல் வண்டியில் வடக்கே போகிறவர்கள். பெரும்பாலும் எல்லோரும் கோட்டுக்கு வெளியே.

இவர்களுக்காக 2019-ல் பிரதமர் ஷ்ரம் யோகி மான்தன் திட்டம் வந்தது. 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய், 40 வயதில் சேர்ந்தால் 200 ரூபாய். அதே அளவு மத்திய அரசும் போடும். 60 வயதில் மாதம் 3,000 ரூபாய். ஆனால் இதுவும் ஓப்பன் லூப்தான். 20 வயதில் சேர்கிறவருக்கு, அதே 6 சதவீதக் கணக்கில், அந்த 3,000 ரூபாயின் இன்றைய மதிப்பு 300 ரூபாய்கூட இல்லை.

இன்னொரு விஷயம் வலிக்கும். இந்தத் திட்டத்துக்கும் அடல் பென்ஷன் திட்டத்துக்கும் சேரும் வயது 18 முதல் 40 வரைதான். உங்க அப்பாவுக்கு இப்போது 48 இருக்குமா? அந்தக் கதவு அவருக்கு மூடியாச்சு. மாநில அரசின் நலவாரியங்கள் திறந்திருக்கு. ஓட்டுநர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், விசைத்தறித் தொழிலாளர்கள் எனத் தனித்தனி வாரியங்கள் உண்டு. 60 வயது ஆவதற்குள் பதிவு செய்து, புதுப்பித்து வந்தால்தான் ஓய்வூதியம் கேட்க முடியும். தொகை சிறியது. ஆனாலும் பதியாமல் விட்டால் அதுவும் இல்லை.

லாரிக்கு டீசல் போடும் ஒவ்வொரு முறையும் வரி போகிறது. அந்த வரிப்பணத்திலிருந்து அரசு ஊழியருக்குப் பென்ஷன் போகிறது. அதற்காக அரசு ஊழியரிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பென்ஷன் ஒருவருக்கு உரிமை என்றால், 30 வருடம் ஸ்டீயரிங் பிடித்தவருக்கு அது ஏன் உரிமை இல்லை? பென்ஷன் விவாதம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

5. நீங்க செய்ய வேண்டியது

* ஆஃபர் லெட்டரில் அடிப்படைச் சம்பளத்தைத் தேடுங்க. முதல் முறை பி.எஃப்.-ல் சேரும்போதே அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000-ஐத் தாண்டினால், தற்போதைய விதிப்படி நீங்க ஓய்வூதியத் திட்டத்திலேயே இல்லை. கம்பெனி பங்கு முழுதும் பி.எஃப்.-க்குப் போகும். அதை மாத வருமானமாக மாற்றுவது உங்க பொறுப்பு.
* கம்பெனி மாறினாலும் யூ.ஏ.என். ஒன்றுதான். பழைய கணக்கை அதில் மாற்றிக்கோங்க. மாதப் பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருட சர்வீஸ் வேண்டும். இடையில் பணத்தை எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் போய்விடும்.
* கான்ட்ராக்ட் வேலையா? பே ஸ்லிப்பில் பிடித்தால் போதாது, பாஸ்புக்கில் ஏறியிருக்கா பாருங்க. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் மூல நிறுவனம் கட்ட வேண்டும் என்பது சட்டம்.
* இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மாவிடம் நலவாரிய அட்டை இருக்கா, எப்போது புதுப்பித்தது என்று கேளுங்க. இல்லை என்றால் உட்கார்ந்து ஆன்லைனில் பதிந்து கொடுங்க. நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்த நமக்கு அது ஒரு மணி நேர வேலை.