அறிக்கையில் வரும் கீ-67

எங்கள் கிட்வாய் நகரிலிருந்து ரிங் ரோட்டைத் தாண்டினால் எய்ம்ஸ். அதற்கு அடுத்தாற்போல் சப்தர்ஜங் மருத்துவமனை. ஆகவே ஊரிலிருந்து சிகிச்சைக்கு வரும் உறவினர் வந்து தங்காத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. நோயியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் அவர்களுடைய அறிக்கைகள் சில என்னிடமும் வருவதுண்டு. மார்பகப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மாமா, கீ-67ன்னு போட்டிருக்கே, அக்காவுக்கு 67 சதவீதம் பரவிடுத்தா?"

இல்லை. 67 என்பது நோயின் அளவு அன்று, வெறும் பெயர். ஜெர்மனியில் கீல் என்னும் நகரில் யோகானஸ் கெர்டஸும் அவர் குழுவினரும் கண்டறிந்து 1983இல் வெளியிட்ட எதிர்ப்பொருள் இது. ஊர்ப் பெயரின் தொடக்கமும் சோதனைத் தட்டில் அதன் எண்ணும் சேர்ந்து கீ-67 ஆயிற்று. நாம் பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்தில் சதவீதக் குறியுடன் இருக்கும் எண்ணை.

செல் ஒன்று பிரிவதற்குப் புறப்பட்டுவிட்டால் அதன் உட்கருவில் ஒரு புரதம் காணப்படும். ஓய்வில் இருக்கும் செல்லில் அது இராது. அந்தப் புரதத்தில் இந்த எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளும். சாயமேற்றினால் அத்தகைய உட்கரு பழுப்பாகவும் மற்றவை நீலமாகவும் தெரியும். 500 புற்றுச் செல்களை எண்ணியதில் 90 பழுப்பு என்றால் 18 சதவீதம்.

இதற்கு முன்பு, நுண்ணோக்கியில் பிரிந்துகொண்டிருக்கும் கணத்தில் அகப்படும் செல்களை மட்டும் எண்ணி வந்தோம். இன்றும் கட்டியின் தரத்தைக் கணக்கிட அது வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் படியில் கால் வைத்திருப்பவர்களை மட்டும் எண்ணுவது அது; மூட்டை கட்டி வீட்டைவிட்டுக் கிளம்பிய எல்லாரையும் எண்ணுவது இது.

சதவீதம் கூடுதல் என்றால் கட்டி வேகமாக வளர்கிறது, நோய் திரும்பும் அபாயமும் கூடுதல் என்று பொருள். ஆனால் வேகமாகப் பிரியும் செல்களே கீமோ மருந்துக்கு அதிகம் அகப்படுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலர் இதைச் சொல்வதில்லை.

எல்லைக்கோடு எங்கே? 2011இல் செயின்ட் காலன் மாநாட்டு வல்லுநர்கள் 14 சதவீதம் என்றனர். பிறகு பார்த்தால் ஒரே கட்டிக்கு ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் எண் மாறிற்று. எந்தப் பகுதியில் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். வெட்டியெடுத்த சதையை ஃபார்மலினில் போடத் தாமதித்தால் எண் குறைந்துவிடும். ஆகவே 2021இல் சர்வதேசக் குழு ஒன்று, ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத ஆரம்பநிலை நோயில் 5 அல்லது அதற்குக் கீழ், 30 அல்லது அதற்கு மேல் என்றால் நம்பலாம் என்றது. இடைப்பட்ட எண்ணை மட்டும் வைத்துக் கீமோ வேண்டுமா என்று தீர்மானிக்கலாகாது. கட்டியின் அளவு, தரம், அக்குள் நெறிக்கட்டி ஆகியவற்றோடு சேர்த்தே மருத்துவர் பார்ப்பார்.

ஊரில் ஒரு எண்ணும் தில்லியில் ஒரு எண்ணும் வந்தால், அதற்குள் நோய் முற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே சதைத்துண்டில் எடுத்தவையா என்று முதலில் கேளுங்கள். சிகிச்சைக்கு இங்கே புறப்படுபவர்கள் அறிக்கைத் தாளோடு நிற்காமல், அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் எழுதிக் கொடுத்து மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் வாங்கி வர வேண்டும். கட்டி கையில் இருந்தால் மறுபடி ஊசி குத்தாமலே இங்கே சாயமேற்றிப் பார்க்கலாம். மே, ஜூன் வெயிலில் ரயிலில் வருபவர்கள் அதை ஜன்னலோரம் வைக்காதீர்கள்; மெழுகு இளகும்.