கித்தாவும் கித்தானும்



கெடா மாநிலத் தோட்டப்புறங்களில் கடை வைத்திருந்த நம்மவர்களுக்கு ஓர் எழுத்தினால் நேர்ந்த நஷ்டம் கொஞ்சநஞ்சமன்று. கித்தா வேறு, கித்தான் வேறு.

கித்தான் தாயகத்திலிருந்து நம்மோடு கப்பலேறி வந்த சொல். முரட்டு நூலால் நெருக்கமாக நெய்த தடித்த துணி அது. பாய்க்கப்பலின் பாய், கூடாரம், லாரிச் சரக்கை மூடும் விரிப்பு எல்லாம் கித்தானே. நாகூரிலோ அதிராம்பட்டினத்திலோ பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கித்தாவோ இந்த மண்ணில் நாம் கற்றது. மலாய் மொழியில் 'கெத்தா' என்றால் மரத்திலிருந்து வடியும் பால், பிசின். பலாவின் பிசினும் மலாய்க்காரருக்குக் கெத்தாதான். 1877-ல் ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்படுவதற்கு முன்பே அச்சொல் உண்டு. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இட்ட 'கெத்தா பெர்ச்சா' வேறொரு காட்டு மரத்தின் பால். பின்னர் ரப்பர் மரம் பெருகவே, பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. தோட்டத் தமிழர் நாவில் அது கித்தாவாயிற்று. ஊரிலிருந்து புதிதாக வந்தவர் இதைக் கேட்டால், தமக்குத் தெரிந்த கித்தானையே நினைப்பார்.

எழுத்தில் வேற்றுமை தெளிவு. காதில்தான் சங்கடம். 'நான்' என்பதைப் பேச்சில் 'நா' என்று மூக்கொலியோடு விட்டுவிடுகிறோம் அல்லவா? கித்தானும் அவ்வாறே தேய்ந்து கித்தாவைப் போல ஒலிக்கும்.

1960-களில் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடையில் நான் கணக்கெழுதி வந்தேன். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து, அந்தத் தேய்ந்த ஒலியிலேயே சப்பாத்து ஆறு சோடி வேண்டுமென்று அளவும் சொல்லிப் போனார். மழைக்காலம். 'கித்தாச் சப்பாத்து' என்று எழுதிப் பினாங்கிலிருந்து ரப்பர் பூட்சுகளை வரவழைத்தேன். அவர் கேட்டதோ, அன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுச் சென்ற வெள்ளைக் கித்தான் சப்பாத்து! மொத்த வியாபாரி சரக்கைத் திரும்ப ஏற்கவில்லை. முதலாளி கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. பேரேட்டில் என் பற்றில் எழுதிவிட்டார். (கடுஞ்சொல்லே சொல்லியிருக்கலாம்.)

இதற்கு மருந்து எளிது. சொல்லோடு உருபு சேர்த்துக் கேட்டால், ஒளிந்திருந்த 'ன்' தானே வெளிப்படும். கித்தாவுக்குக் 'கித்தாவுல'; கித்தானுக்குக் 'கித்தானுல'. இந்த வழியும் அந்தப் பெரியவரிடம் கற்றதே. மறுமுறை வந்தபோது, "கித்தாவுலயா, கித்தானுலயா?" என்று கேட்டேன்.

"கித்தானுலதான் தம்பி. பள்ளிக்கூடத்துக்கு மழை பூட்சா போட்டுக்கிட்டுப் போவாங்க?" என்றார்.