கோப்புக்களைக் காக்கும் பூட்டு

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், மரக்காணத்தை அணுகுங்கால், வெயிலில் கண் கூச ஒளிரும் உப்புப் பாத்திகளைக் காண்பர். விழுப்புரம் மாவட்டத்துப் பேரூராகிய அவ்விடத்தில் உப்பு விளைத்தலே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் உப்பை வாரி வரப்பிலே குவிப்பர். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தொழில் நின்றுவிடும். முன்பணமும் கடனும் கொண்டே அம்மாதங்களைக் கழிப்போர் பலர்.

சென்ற கோடை விடுமுறையில் யாம் நால்வர் அவ்வூர் சென்று, தொழிலாளரின் கூலி, கடன், நோய் ஆகியவற்றைக் கேட்டு மடிக்கணினியிற் பதிந்தோம். மூதாட்டியார் ஒருவர், தாம் பட்ட கடனையும் அதனைத் தந்தவர் பெயரையும் சொல்லி முடித்தபின், "தம்பி, நான் சொன்னதெல்லாம் முதலாளி காதுக்குப் போயிடாதே?" என்று வினவினார். "போகாது, ஆயா" என்று விடை கூறினோம். அன்று மாலையே திண்டிவனத்தில் இறங்கியபோது அப்பையைப் பேருந்திலேயே மறந்துவிட்டோம். மறுநாள் நடத்துநர் அதனைப் பத்திரமாகத் தந்தார். ஆயினும் இடைப்பட்ட ஓரிரவில் அதனை எவரேனும் திறந்து பார்த்தனரா என்பதை இன்றளவும் யாம் அறியோம். எமது வாக்குத் தப்பியதாயின், அது நடத்துநரின் நேர்மையாலேயன்றி எமது முன்யோசனையால் அன்று. அந்நாள் முதல் யாம் தேடிக் கற்றதையே ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

"கணினிக்குக் கடவுச்சொல் இருந்ததன்றோ?" என்று நண்பர்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் கணினி தொடங்கும்போது கேட்கும் அச்சொல் வாயிற்காவலனை ஒக்கும்; வாயில் வழி வருவோரை மட்டுமே அவன் தடுப்பான். உள்ளிருக்கும் வட்டினைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்தினால், மறைக்குறியாக்கம் செய்யப்படாத கோப்புக்கள் தடையின்றித் திறக்கும். ஆகவே வாயிலைக் காத்தல் போதாது. எழுத்தையே காத்தல் வேண்டும். திறவுகோல் இல்லாதார் படிக்கவியலாத வடிவமாக எழுத்தை மாற்றி வைத்தலே மறைக்குறியாக்கம் எனப்படும்.

மறைத்துப் பேசுதல் தமிழர்க்குப் புதிதன்று. நன்னூல் கூறும் தகுதி வழக்கினுள் ஒன்று குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் வழங்குதலை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். ஆனால் இவ்வகை மறைவுக்கு ஒரு குறையுண்டு. குழுவினுள் ஒருவன் வாய் திறந்தாற் போதும், மறை வெளிப்பட்டுவிடும். 'பறி' யாதென்பதை இன்று பள்ளிச் சிறுவனும் பாடநூலிற் படிக்கின்றானே! 1883-ஆம் ஆண்டில் ஆகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்னும் மொழியறிஞர் இதற்கு மாறான நெறியொன்றை வகுத்தார். மறைக்கும் முறை பகைவர் கையிற் சிக்கினும், திறவுகோல் சிக்காதவரை மறை அழியாதிருத்தல் வேண்டும் என்பதே அது. இக்காலத்து நல்ல மென்பொருள்கள் யாவும் இந்நெறியைப் பற்றியே நிற்கின்றன.

திறவுகோலின் வலிமை அதன் நீளத்தைப் பொறுத்தது. அமெரிக்க அரசு 1977-இல் ஏற்றுக்கொண்ட டி.இ.எஸ். முறையின் திறவுகோல் 56 பிட் நீளமுடையது. 1998-இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு செய்த பொறி அத்தகைய திறவுகோல் ஒன்றை 56 மணி நேரத்திற் கண்டுபிடித்தது. பின்னர், எவரும் ஆராயுமாறு வெளிப்படையாக நடந்த போட்டியில், பெல்ஜியம் நாட்டார் இருவர் வகுத்த முறை தேர்வு பெற்று, 2001-இல் ஏ.இ.எஸ். என்னும் பெயரால் தரமாயிற்று. அதன் திறவுகோல் 128 முதல் 256 பிட் வரை நீளும். ஒரு பிட் கூடுந்தோறும் தேடவேண்டியவை இருமடங்காகப் பெருகுதலின், முற்கூறிய பொறி போன்றவற்றால் இதனை அணுகவும் இயலாது. விலைக்கு விற்கும் மென்பொருள்களும் விலையின்றிக் கிடைப்பனவும் பெரும்பாலும் இம்முறையையே கையாளுகின்றன. ஆதலின் 'விலை மிக்கது வலிமை மிக்கது' என்னும் எண்ணம் இத்துறையிற் பொருந்தாது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தாற் கணினி பெற்ற மாணவர்க்கு, விலையில்லாப் பூட்டும் உண்டென்பது மகிழ்ச்சிக்குரியது.

இனி, எவர்க்கு எது தகும் என்பதைக் காண்போம். விண்டோஸின் புரோ பதிப்புடையோர்க்குப் பிட்லாக்கர் உடன்வருகின்றது. ஹோம் பதிப்பில், தகுதியுள்ள கணினிகளில் மட்டும், அதன் எளிய வடிவம் கிடைக்கும். ஆப்பிள் கணினியில் ஃபைல்வால்ட் உண்டு. லினக்ஸ் நிறுவுவோர் தொடக்கத்திலேயே லக்ஸ் முறையால் வட்டு முழுவதையும் பூட்டலாம். இவை கிடைக்காதார்க்கும், பென் டிரைவில் கோப்புக்களைக் கொண்டு செல்வோர்க்கும் வெராகிரிப்ட் உதவும். அது பெட்டி போன்ற கோப்பொன்றை அமைத்து, அதனுள் இடுவனவற்றையெல்லாம் மறைக்கும். கூகுள் டிரைவ் முதலிய இணையச் சேமிப்பிடங்களுக்குக் கோப்புக்களைத் தனித்தனியே மறைத்தனுப்பும் கிரிப்டோமேட்டர் ஏற்றது. ஒரிரு கோப்புக்களை நண்பர்க்கு அனுப்புவதாயின் 7-ஜிப் போதும். ஆனால் மூலக்கோப்பு பூட்டின்றி வட்டிலே கிடக்குமென்பதை மறவற்க. அழித்தாலும் சுவடு எஞ்சக்கூடும். எனவே முதலில் வட்டினைப் பூட்டிப் பின்பு எழுதத் தொடங்குதலே சிறந்தது.

தேர்ந்தெடுக்குமுன் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. கையாளும் முறை உலகறிந்ததா? 'எமது இரகசிய முறை' என்று விளம்பரம் செய்வதை ஒதுக்குக. மூலநிரல் பிறர் ஆராயுமாறு திறந்துள்ளதா? இன்றும் அதனைப் பேணுவோர் உளரா? பலர் நம்பியிருந்த ட்ரூகிரிப்டை அதன் ஆசிரியர்கள் 2014 மே மாதத்திற் கைவிட்டனர். மூலநிரல் வெளியில் இருந்தமையால், 2013-இலேயே அதினின்று கிளைத்த வெராகிரிப்ட் அப்பணியைத் தொடர்ந்தது.

பூட்டு விலையின்றிக் கிடைப்பினும் நாம் கொடுக்கவேண்டிய விலை ஒன்றுண்டு; அது கடவுச்சொல்லைப் பேணும் கவனம். சிற்றெழுத்து எட்டினால் அமையும் ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ 20,882 கோடி. இக்காலக் கணினிகட்கு அது பெரிதன்று. நம் மாணவருள் சிலர் குறள் ஒன்றைக் கடவுச்சொல்லாக்கி மகிழ்கின்றனர். குறள்கள் 1330 மட்டுமே. அவற்றை ஆங்கில எழுத்தால் எழுதும் வகை பலவாயினும், பொறிக்கு அது ஒரு நொடி வேலை. பகடையை ஐந்து முறை உருட்டினால் 7776 சொற்களுள் ஒன்றைச் சுட்டலாம். இவ்வாறு தொடர்பற்ற ஆறு சொற்களைத் தேர்ந்து கோத்தால், தேடுவோன் களைப்பான். நாமோ சில நாட்களில் மனனம் செய்துவிடலாம்.

அச்சொல்லை மறந்தால் மீட்பார் எவருமிலர். ஆகவே தாளில் எழுதி, வீட்டில் சான்றிதழ்கள் இருக்கும் பெட்டியில் வைத்தல் தவறன்று. கணினிப் பையில் வைத்தலே தவறு. பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புக் குறியையும் அவ்வாறே காக்க. அது மைக்ரோசாஃப்ட் கணக்கிற் சேமிக்கப்படுமாயின், அந்நிறுவனத்தாரிடமும் ஒரு சாவி உண்டென்பதை அறிக.

மேலும், பூட்டு திருடனைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடாது. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இக்கடற்கரையைத் தாக்கின. உப்பளத்தார் மழைக்கு முன் உப்பைக் குவித்து ஓலையால் மூடுவர். நாமும் பூட்டிய கோப்பின் படியொன்றை வேறோர் ஊரிலோ வேறொரு வீட்டிலோ வைத்தல் வேண்டும். பூட்டியதாதலின் பிறரிடம் வைப்பதற்கு அஞ்சவேண்டுவதில்லை.

பூட்டைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில், கணினியுட் புகுந்த தீநிரலும் கோப்பினைப் படிக்கும். ஆதலின் வேலை முடிந்ததும் கணினியை உறங்கவிடாது, முற்றும் நிறுத்துக.

தனிமறைவு அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை உப்பளத்து மூதாட்டியார்க்கும் உண்டு. அதனை அவர் எம்மிடம் ஒப்படைத்தார். யாம் பேருந்தில் விட்டுவந்தோம். இப்பொழுது அவர் கூறியவை வெராகிரிப்ட் பெட்டியுள் உள்ளன. ஒரு படி எம்மிடமும், மற்றொன்று அயலூர் நண்பரிடமும் இருக்கின்றன. இதற்கு ஆன செலவு ஒரு மாலைப்பொழுது. பிறரிடம் சென்று அவர் வாழ்க்கையைக் கேட்டெழுதும் மாணவர் ஒவ்வொருவரும், முதல் வினாவைக் கேட்குமுன் அம்மாலைப்பொழுதைச் செலவிடுவாராக.